போஞ்சியின் பூர்வீகம்

தோட்டங்களிற் செய்கைபண்ணப்படும் போஞ்சியின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டமாகும். மெக்சிக்கோ தொடக்கம் ஆர்ஜென்டீனா வரையுள்ள மலைச்சாரல்களில் அதன் காட்டினம் இன்றும் வளர்கின்றது. அக்காட்டுப் போஞ்சி ஒரு படர்கொடி. வித்துக்கள் மிகச் சிறியவை. காய் முற்றி உலர்ந்ததும் முறுகி வெடித்து, வித்துக்களைச் சிதறிவிடும்.

வெடியாது நின்ற காய்களிலிருந்தே ஆதிக்குடிகளுக்கு வித்துக் கிடைத்தது. அதனையே மீண்டும் மீண்டும் விதைத்தமையால், பல தலைமுறைகளில் காய் வெடிக்கும் இயல்பு குறைந்தது, வித்துப் பருத்தது, கொடிகோல் வேண்டாத செடிப் போஞ்சியும் உண்டாயிற்று. இம்மாற்றம் மெக்சிக்கோப் பகுதியிலும் அந்தீசு மலைநாட்டிலும் தனித்தனியே நிகழ்ந்தது. பெரு நாட்டுக் குகையொன்றிற் கிடைத்த போஞ்சி வித்துக்கள் 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. 1492 ஆம் ஆண்டிற்குப் பின்னரே இப்பயிர் ஏனைய கண்டங்களுக்குப் பரவியது.

சொந்த வித்தைச் சேமிக்கும் கமக்காரர் இன்றும் அத்தெரிவையே செய்கின்றனர். சந்தைக்கு உதவாத கடைசிக் காய்களை வித்துக்கு விடுதல் தவறு. போஞ்சியின் தேமல் நோய் வித்தின் மூலமாகவே அடுத்த போகத்திற்குக் கடக்கவல்லது. ஆகவே, நோயற்று நன்கு காய்க்கும் செடிகளை முன்னரே அடையாளமிட்டு, அவற்றின் காய்களை மாத்திரம் வித்துக்கு முற்றவிடுதல் வேண்டும்.