உங்களுக்குத் தெரியுமா? விமானத்தில் போன மருத்துவமனை!

2023 பிப்ரவரி 6 அதிகாலையில் 7.8 அளவில் தாக்கிய நிலநடுக்கம், துருக்கியில் மட்டும் 50,000-க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. ஹதாய் மாகாணத்தின் இஸ்கெண்டெருன் நகரில் அரசு மருத்துவமனையின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. காயம்பட்டவர்கள் எங்கே போவார்கள்?

அங்கேதான் இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் கள மருத்துவமனை போய் இறங்கியது. ஆக்ராவிலிருந்து புறப்பட்ட 99 பேர், எக்ஸ்ரே கருவி, வென்டிலேட்டர், அறுவை அரங்கு, பரிசோதனைக்கூடம் என எல்லாவற்றையும் விமானப்படையின் சி-17 விமானங்களில் ஏற்றிச் சென்று, 30 படுக்கைகளுடன் சிகிச்சையைத் தொடங்கினார்கள். இடிபாடுகளில் சிக்கியவர்களுக்கு எலும்பு முறிவும் நசுங்கிய தசையும்தான் பெரிய ஆபத்து. அதனால் எலும்பு அறுவை மருத்துவர்களின் பங்கு பெரிதாக இருந்தது. இடிபாட்டிலிருந்து ஒருவரை மீட்கும் காட்சியைத்தான் உலகம் பார்க்கிறது. அவர் பிழைப்பதும் கால் கை தப்புவதும் அதற்குப் பிந்தைய சிகிச்சையில்தான் இருக்கிறது. 'ஆபரேஷன் தோஸ்த்' என்ற அந்தப் பணியில், ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் 3,500-க்கும் மேற்பட்டோர் இங்கே சிகிச்சை பெற்றார்கள். 2015-இல் நேபாளத்திலும் 2018-இல் இந்தோனேசியாவிலும் நிலநடுக்கத்துக்குப் பின் கை கொடுத்ததும் இதே பிரிவுதான்.

இந்தப் பிரிவு கொரியப் போரிலும் பணியாற்றியது. 1950-இல் இந்தியா அங்கே படைகளுக்குப் பதிலாக அனுப்பியது இந்த மருத்துவப் பிரிவைத்தான். அதற்குத் தலைமை ஏற்று, மகாவீர் சக்ரா விருது பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் ஒரு தமிழர்.