மருந்து ஒன்று, உடம்பு வேறு!

"அவருக்கு ஒத்துக்கொண்ட மருந்து எனக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?" டாக்டரிடம் இப்படிக் கேட்காத நோயாளி உண்டா? "உடம்பு வாகு" என்று பதில் வரும். அந்த வாகு என்னவென்று ஆராய்ந்த கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

க்ஷயரோகத்துக்கு 1952-ம் ஆண்டில் ஐசோனியாஸிட் என்னும் மருந்து வந்தது. விலை மலிவு, குணமோ பெரிது. ஆனால் ஒரு விசித்திரம்! ஒரே அளவு மாத்திரையை விழுங்கிய இருவரில், ஒருவர் ரத்தத்திலிருந்து மருந்து சீக்கிரமே மறைந்தது. மற்றவர் ரத்தத்தில் நெடுநேரம் தங்கியது. அப்படித் தங்கியவர்களில் சிலருக்குக் கை கால் மரத்து, எரிச்சலும் கண்டது.

பிரைஸ் ஈவான்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் பெற்றோர், பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக இந்த மருந்தைக் கொடுத்து, ஆறு மணி நேரம் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். இந்தச் சுபாவம் வம்ச வழியாக வருவது என்று 1960-ல் வெளியிட்டார்கள். ஈரலில் மருந்தை மாற்றும் என்ஸைம் ஒன்று உண்டு. அதற்குரிய ஜீன் தாய் வழியிலும் தந்தை வழியிலும் மந்தமாக வந்து சேர்ந்தால் மருந்து மெதுவாகத்தான் கழியும்.

இதற்கு எத்தனை சாஸ்திரம் வேண்டியிருந்தது பாருங்கள்! நோய் தெரிந்தவர், ரத்தத்தில் மருந்தை அளக்கும் ரசாயன நிபுணர், வம்சாவளியைப் படிக்கத் தெரிந்தவர், புள்ளிவிவரக்காரர்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர்கள், ரசாயன நிபுணர்கள், புள்ளிவிவரக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் மருந்து கொடுக்கும் சிகிச்சை, மருந்தை வேகமாகக் கழிப்பவர்களிடம் அவ்வளவாகப் பலிக்கவில்லை என்பதை அவர்கள் கண்டார்கள். கை கால் மரத்துப்போவதைச் சொற்ப அளவு பி6 வைட்டமின் தடுக்கும் என்றும் காட்டினார்கள்.

கூரை ஒன்றானால் போதுமா? ஒரே மண்டைக்குள்ளும் கொஞ்சம் ஒன்றுசேர வேண்டாமா? ஸியாட்டில் நகரச் சர்வகலாசாலையில் ஆர்னோ மோட்டுல்ஸ்கி 1957-ல் வைத்தியத்தோடு ஜெனிடிக்ஸும் கற்பிக்கும் பிரிவைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற ஜோசப் கோல்ட்ஸ்டீன் 1985-ல் நோபல் பரிசு பெற்றார். நம் பக்கத்திலோ, வைத்தியம் படிக்கும் பையன் புள்ளிவிவரம் என்றால் ஓடுகிறான். ஜெனிடிக்ஸ் படிக்கும் பெண் ஆஸ்பத்திரி வார்டை எட்டிப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுகிறாள். பரீட்சைகள் தனித்தனி, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஐசோனியாஸிட் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்பதைப் பெரும்பாலும் நோயாளியின் எடைதான் தீர்மானிக்கிறது.