வாட்டர்ப்ரூஃப் வினைல் தரை: தண்ணீர் மேலே கொட்டினால் ஓகே... கீழிருந்து வந்தால்?

ஃப்ளோரிங் கடைகள் சிலவற்றில் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே தண்ணீர், அதில் மரப்பலகை போலவே தெரியும் ஒரு துண்டு மூழ்கிக் கிடக்கும். "மாசக்கணக்குல கிடக்குது சார், ஒண்ணும் ஆகல. நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்" என்பார் கடைக்காரர். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் தொட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு பலகை. உங்கள் ஹாலில் போடப்போவது பல பலகைகள், அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாக ஜாயின்ட், அடியில் ஒரு சிமென்ட் தரை. இதில் வாட்டர்ப்ரூஃப் என்ற வார்த்தை பலகைக்கு மட்டும்தான் பொருந்தும். பின்னால் வரும் தலைவலி பெரும்பாலும் இந்த வித்தியாசம் புரியாததால்தான்.

இது மரமே இல்லையா?

இல்லை. 'லக்ஸுரி வினைல் பிளாங்க்' என்பது பி.வி.சி. பலகை. மேலே தெரியும் தேக்கு, ஓக் எல்லாம் அச்சடித்த ஃபிலிம். ரோலாக வரும் பழைய வினைல் ஷீட்டிலிருந்து பிரித்துக்காட்ட வந்த பெயர்தான் 'லக்ஸுரி'. அந்த வார்த்தைக்காகக் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

வீடுகளுக்கு இப்போது அதிகம் பரிந்துரைக்கப்படுவது எஸ்.பி.சி. வகை. சுண்ணாம்புக்கல் பொடியையும் பி.வி.சி.யையும் சேர்த்து அழுத்திய கெட்டியான நடுப்பகுதி; ஒன்றோடொன்று 'க்ளிக்' ஆகிப் பூட்டிக்கொள்ளும் ஓரங்கள். டபிள்யூ.பி.சி. என்றால் நடுப்பகுதி நுரை போன்றது. காலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் பீரோவின் கால் பட்ட இடத்தில் பள்ளம் விழலாம். மூன்றாவது, பசை போட்டு ஒட்டும் மெல்லிய வினைல்.

இவற்றோடு லேமினேட்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதன் நடுவில் இருப்பது மரத்தூள் பலகை. தண்ணீர் உள்ளே போனால் உப்பிவிடும். சந்தேகமாக இருந்தால் கடையில் சாம்பிள் துண்டு ஒன்று வாங்கி, ஓரத்தை வெட்டி, ஒரு நாள் பக்கெட்டில் ஊறப்போடுங்கள். எது எதுவென்று தெரிந்துவிடும்.

வாங்கும்போது பலகையின் மொத்தத் தடிமனைவிட மேலே உள்ள தேய்மானப் படலத்தைத்தான் கேட்க வேண்டும். இங்கே ஒரு சின்ன குழப்பம் உண்டு. 'இருபது மில்' என்று சொன்னால் அது 20 மில்லிமீட்டர் அல்ல. மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மில் என்றால் சுமார் 0.5 மி.மீ., 12 மில் என்றால் 0.3 மி.மீ. பெட்ரூமுக்கு 0.3 போதும். நாற்காலி இழுபடும், நாய் ஓடும், குழந்தை சைக்கிள் விடும் ஹாலுக்கு 0.5 எடுப்பது நல்லது. கலர், டிசைன் எல்லாம் உங்கள் இஷ்டம்.

ஓதம்தான் உண்மையான எதிரி

சென்னை மாதிரி ஊரில், நேரடியாக மண்மேல் நிற்கும் தரைத்தள வீடுகளில் ஓதம் ஏறுவது புதிதல்ல. சுவரின் அடியில் பெயின்ட் பொரிந்து உதிர்வதைப் பார்த்தாலே தெரியும். டைல்ஸ் தரையில் அந்த ஈரம் ஜாயின்ட் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அதன் மேல் ஈரம் புகாத வினைலை மூடிவிட்டால்? ஈரம் உள்ளேயே நிற்கும். பசை போட்ட வகை என்றால் பசை விட்டுப்போய் ஓரம் தூக்கும். க்ளிக் வகை என்றால் பலகை அப்படியே இருக்கும், ஆனால் அடியில் பூஞ்சை பிடித்து, மழைக்காலத்தில் வீடு முழுக்க ஒரு புழுங்கல் வாடை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் ஷீட் வெட்டி, சிமென்ட் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஷீட்டின் அடியில் வியர்த்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ வேலையை நிறுத்துங்கள். அடியில் பாலிதீன் விரித்தால் கொஞ்சம் தாங்கும்தான். ஆனால் ஓதத்துக்கு அது வைத்தியம் இல்லை. புதுவீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். கான்கிரீட் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் காய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கிரகப்பிரவேசத் தேதி துரத்துகிறது என்பதற்காக அவசரப்பட்டால் அந்த ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

வெள்ளம் வேறு கதை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஏரியாவில் தரைத்தளம் என்றால், போடுவதாக இருந்தால் க்ளிக் வகை மட்டும்தான். ஏனென்றால் தண்ணீர் வடிந்த பிறகு அதை வரிசையாகக் கழற்றி, பின்பக்கம் நம்பர் எழுதி, கழுவி, அடித்தரை நன்றாகக் காய்ந்ததும் திரும்பப் போடலாம். கழற்றாமல் விட்டால் சாக்கடை கலந்த தண்ணீர் காலடியிலேயே தங்கிவிடும். 'வாட்டர்ப்ரூஃப் வாரன்டி' தாளைப் பொடி எழுத்து வரை படியுங்கள். வெள்ளமும் அடித்தரை ஈரமும் வழக்கமாக அதில் அடங்காது.

பழைய டைல்ஸ் மேலேயே போடலாமா?

போடலாம், உடைக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது வசதி. காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் முதலில் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்க்க வேண்டும். வெத்துச் சத்தம் கேட்டால் அந்த டைலைச் சரிசெய்த பிறகுதான் மேலே போட வேண்டும். அடுத்து, நேரான அலுமினியக் கட்டையை வைத்து மட்டம் பார்க்கணும். 3 மீட்டருக்கு 5 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் லெவலிங் கலவை ஊற்றித்தான் ஆக வேண்டும். "அது ஃபோம் தாங்கிக்கும் சார்" என்றால் நம்பாதீர்கள். பள்ளத்தின் மேல் பலகை ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழும். சில மாதங்களில் க்ளிக் பூட்டு உடையும். பலகையின் அடியிலேயே ஃபோம் ஒட்டி வந்திருந்தால், இன்னொரு ஃபோம் விரிப்பதும் இதே வினைதான்.

கதவையும் மறக்க வேண்டாம். தரை 5, 6 மி.மீ. உயர்ந்தால் கதவு உரசும். வாடகை வீட்டுக் கதவை இழைக்க ஓனரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மிதக்கும் தரையை ஆணியடிக்கக் கூடாது

க்ளிக் தரை அடியில் எதனோடும் ஒட்டாமல் மிதக்கிறது. வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அதற்காகச் சுவரைச் சுற்றி 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மறைப்பார்கள். ஸ்கர்ட்டிங்கைச் சுவரோடு சேர்த்துத்தான் அடிக்க வேண்டும், பலகையோடு அல்ல. வேலை முடிந்த மறுநாள் கார்பென்டர் வந்து, டோர் ஸ்டாப்பருக்காகத் தரையில் ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கிவிட்டால் போச்சு. அந்த இடத்தில் தரை நகர முடியாது, வேறெங்கோ மேடு கிளம்பும். சமையலறை கேபினெட், சுவரோடு பொருத்தும் வார்ட்ரோப் எல்லாம் முதலில். அவற்றைச் சுற்றித்தான் தரை. மேற்கு வெயில் நேராக விழும் பால்கனிக் கதவு இருந்தால் திரைச்சீலை அவசியம்.

வீடு கழுவும் பழக்கம்

பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தள்ளும் வீடா உங்களுடையது? அப்படியென்றால் ஹாலுக்கு இது சரிவராது. கொட்டிய தண்ணீரைத் துடைக்க ஜாயின்ட்கள் நேரம் தரும். தேங்கிய தண்ணீர் ஓர இடைவெளி வழியாக அடியில் போய்விடும். பிழிந்த மாப் போதும். வேலைக்கு வரும் அக்காவிடமும் ஊரிலிருந்து வரும் அம்மாவிடமும் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பூஜை மூலையிலும் யோசிக்கணும். கற்பூரத் துண்டு விழுந்தால் வினைல் கருகும். டைல்ஸ் மாதிரி தேய்த்தால் போகாது. அங்கே பழைய தரையை விட்டுவிடலாம், அல்லது ஒரு கிரானைட் துண்டு வைக்கலாம். ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடியும் வேண்டாம். நாளடைவில் மஞ்சள் கறை விழும், அது போகவே போகாது. மே மாதத்தில் வெறுந்தரையில் படுத்துச் சில்லென்று தூங்கும் சுகமும் இதில் கிடைக்காது. அதைச் சில வீடுகளில் பெரிய இழப்பாகவே நினைப்பார்கள்.

விலை கேட்கும்போது சதுர அடிக் கணக்கை மட்டும் கேட்காமல் ஸ்கர்ட்டிங், வாசல் பட்டை, லெவலிங், கதவு இழைப்பு, கூலி எல்லாம் சேர்த்துக் கொட்டேஷன் வாங்குங்கள். வெட்டுச் சேதத்துக்கு 10 சதவீதம் கூடுதலாக ஆர்டர் செய்து, பெட்டிகள் எல்லாம் ஒரே பேட்ச் நம்பரா என்று பாருங்கள். இந்தத் தரையை இழைத்துப் பாலிஷ் போட முடியாது, பலகையைத்தான் மாற்ற வேண்டும். அந்த டிசைன் அதற்குள் கடையில் நின்றுபோயிருக்கலாம் என்பதால் மீதமாகும் பலகைகளை எடுத்துவைப்பது நல்லது. கட்டிலுக்கு அடியில், படுக்கைவசமாக. சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும்.