நாலு வட்டிக்கு யார் வாங்குவார்?

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. ரெண்டு வட்டிக்கு வாங்குவதற்கே வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். மூணு வட்டி என்றால் யாராவது ஒருவர் ‘வேண்டவே வேண்டாம்’ என்று எழுந்துவிடுவார். அதே வீட்டுப் பையன் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே நாலு வட்டிக்குக் கடன் வைத்திருப்பான். வீட்டில் யாருக்கும் தெரியாது. பல நேரம் அவனுக்கே தெரியாது. கிரெடிட் கார்டு பாக்கியை வட்டிக்கு வாங்கிய பணமாக யாரும் நினைப்பதில்லை.

கார்டுகளில் வட்டி பெரும்பாலும் மாதம் 3.5 சதவீதம் அல்லது அதை ஒட்டி இருக்கும், சிலவற்றில் 3.75 வரை போகும். அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. 3.5-ஐ வைத்துக் கணக்குப் போட்டாலே நூற்றுக்கு மாதம் நாலு ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 சதவீதம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்கத் தமிழக அரசு 2003-ல் சட்டம் போட்டது. வங்கிக் கார்டு அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாது. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்கக் கூடாது என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதையும், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கார்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பில்லை முழுசாகக் கெடு தேதிக்குள் கட்டுபவருக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. பில் போடும் தேதிக்கு மறுநாள் பொருள் வாங்கினால், பணம் கட்ட 45, 50 நாள்கூடக் கிடைக்கும். வட்டியில்லாக் கைமாத்து அது. வினை, குறைந்தபட்சம் இதைக் கட்டினால் போதும் என்னும் ‘மினிமம் ட்யூ’வில் இருக்கிறது.

40,000 ரூபாய் பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்திலேயே மினிமம் ட்யூ 2,000 என்று போட்டிருக்கும். கையில் பணம் இல்லாத மாதம், 2,000 கட்டியாயிற்று. மீதி 38,000-க்கு ஒரு மாத வட்டி 1,330. ஜிஎஸ்டி சுமார் 240. அடுத்த பில்லில் பாக்கி 39,570. கட்டிய 2,000-ல் கடன் குறைந்தது வெறும் 430 ரூபாய். உண்மையான பில்லில் இதைவிடக் கூடவே வரும். ஏனென்றால் பாக்கி வைத்தவருக்கு வட்டி பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். அதோடு, பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் அந்த 45 நாள் சலுகை கிடையாது. கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தாலோ, முதல் நாளிலிருந்தே வட்டி, மேலே கட்டணம் வேறு.

இதில் விவகாரமே, மினிமம் கட்டுகிறவரை யாரும் தொந்தரவு செய்வதில்லை. வசூல் போன் வராது, தாமதக் கட்டணம் விழாது. மாதா மாதம் கரெக்டாகக் கட்டுகிறோம் என்ற நிம்மதியும் இருக்கும். ஆட்டோ டெபிட் கொடுத்திருப்பவர்கள் இன்றைக்கே ஆப்பைத் திறந்து, அது ‘டோட்டல் ட்யூ’வில் இருக்கிறதா ‘மினிமம் ட்யூ’வில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சிபில் பற்றிய பயம் மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. நம் கடன் வரலாற்றைப் பார்த்து சிபில் நிறுவனம் போடும், 300 முதல் 900 வரை போகும் மதிப்பெண் அது. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக முகம் சுளிப்பதில்லை. சிபில் தவிர எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு. நாலிடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். ‘சிபிலை ஏற்றித் தருகிறோம்’ என்று ஃபீஸ் கேட்பவர்களுக்குக் கொடுக்கும் காசு தண்டம். அறிக்கையில் தப்பு இருந்தால் நீங்களே புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வரலாறே இல்லாத புதியவருக்கு, ஒரு சின்ன எஃப்டி போட்டு அதன் மேல் கார்டு வாங்குவது நல்ல தொடக்கம்.

நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் கடனும் உங்கள் அறிக்கையில் ஏறும். அவன் தவணை தவறினால் உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். கையெழுத்துதானே என்று இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ரொம்ப இருக்கிறது.

பைக் ஷோரூமில் இன்னொரு வித்தை. ‘பத்து பர்சன்ட்தான் சார், ஃபிளாட்’ என்பார்கள். ஒரு லட்சம், இரண்டு வருடம், வட்டி 20,000, மாதம் 5,000. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும், வட்டி மட்டும் முழு ஒரு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது சுமார் 18 சதவீதம், அதாவது ஒன்றரை வட்டி. 2024 அக்டோபர் முதல், இப்படித் தவணைக் கடன் வாங்கும் தனிநபருக்குக் கட்டணங்களையும் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டியைக் காட்டும் ஒரு தாளை, கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்காவிட்டால் அது மற்ற தாள்களோடு தாளாகப் போய்விடும்.

ஏற்கெனவே கார்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் யோசனை பலருக்குப் பிடிக்காது. வீட்டில் சொல்லுங்கள். பீரோவில் சும்மா இருக்கும் வளையலை வங்கியில் வைத்தால், சுமார் 9, 10 சதவீதத்தில் நகைக்கடன் கிடைக்கும். நம் பாஷையில் முக்கால் வட்டி சொச்சம். அதை வாங்கி நாலு வட்டிக் கடனை அடைத்துவிட்டு, கார்டுக்குக் கட்டிவந்த தொகையையே நகைக்கு மாதா மாதம் கட்டி மீட்டுவிடலாம். நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, கௌரவமாக நாலு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஆனால் கார்டு காலியானதும் மறுபடி அதைத் தேய்க்கத் தொடங்கினால் இரண்டு கடனாகிவிடும். கை சும்மா இராது என்று தோன்றினால் மூடிவிடுவதே மேல். பாக்கி ஒரு பைசாகூட இல்லாமல் முடித்துவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குக் கட்ட வேண்டும்.