கழிப்பறை உண்டு, துப்புரவுத் தொழிலாளி இல்லை: 'டாய்லெட்: ஏக் பிரேம் கதா' மறைத்த சாதி

2017 ஆகஸ்டில் வெளியான 'டாய்லெட்: ஏக் பிரேம் கதா' ஒரு காதல் நகைச்சுவைப் படம். ஸ்ரீ நாராயண் சிங் இயக்க, அக்ஷய் குமாரும் பூமி பெட்னேகரும் நடித்திருந்தனர். புகுந்த வீட்டில் கழிப்பறை இல்லை என்பதால் மணமகள் வெளியேறுகிறாள். கணவன் கழிப்பறை கட்டப் போராடுகிறான். உத்தரப் பிரதேசத்து நந்தகாவ் கதைக்களம். ஜாதக தோஷம் கழிய நாயகனுக்கு முதலில் எருமையோடு திருமணம் நடக்கும் காட்சியும், விடியுமுன் செம்பேந்திச் செல்லும் பெண்களின் கேலிப் பேச்சும் உண்மையிலேயே சிரிக்க வைக்கின்றன. பின்பாதியில் காதலும் நகைச்சுவையும் ஒதுங்கிக்கொள்ள, தூய்மை இந்தியா திட்டத்தின் பரப்புரையே எஞ்சுகிறது. ஆயினும், நமது ஏமாற்றத்திற்குக் காரணம் அதுவன்று.

நாயகன் கேசவ் சர்மா, நாயகி ஜெயா ஜோஷி. இருவரும் பார்ப்பனர்கள், ஆகவே காதலுக்குச் சாதி குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பவர் நாயகனின் தந்தையான பண்டிதர். துளசி வைத்து வழிபடும் முற்றத்தில் மலக்குழியா என்பது அவரது கேள்வி. படம் இதனைப் 'பழைமை' என்றும் 'பண்பாடு' என்றும் பெயரிட்டு எதிர்க்கிறது. இதன் சரியான பெயர் தீட்டு. மலம் தீட்டு என்றால், அதை அகற்றுவதற்கென்றே ஒரு சாதியைத் தீட்டுக்குரியதாக்கி ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டும். அந்த ஒழுங்கின்மீது நின்றுகொண்டுதான் பண்டிதர் பேசுகிறார். படமோ அவரைப் பிடிவாதக்கார மாமனாராக மட்டுமே காட்டி, பாட்டி வழுக்கி விழுந்தவுடன் மனம் மாற்றிவிடுகிறது. தீட்டு இவ்வளவு எளிதில் கரையக்கூடியதாக இருந்திருந்தால் நமக்கு இயக்கங்களே தேவைப்பட்டிருக்கா!

கட்டிய கழிப்பறையின் குழி நிரம்பினால் யார் அள்ளுவது? இக்கேள்வியைப் படம் ஓரிடத்திலும் எழுப்பவில்லை. அதே 2017இல் டயேன் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட நூல் இக்கேள்வியையே மையமாக வைத்தது. வட இந்தியக் கிராமங்களில் பலர் சிறு குழிக் கழிப்பறையைத் தவிர்ப்பதற்கு வறுமையோ அறியாமையோ மட்டும் காரணமல்ல. குழி விரைவில் நிரம்பும், நிரம்பினால் தம் கையால் தொட வேண்டியிருக்கும் என்ற அருவருப்பு சாதியிலிருந்து பிறந்தது என அவர்கள் விளக்கினர். இரட்டைக் குழி முறையில் ஒன்று நிரம்பியதும் மற்றொன்றுக்கு மாற்றிவிட்டால், மூடிய குழியின் மலம் காலப்போக்கில் மட்கி எருவாகிவிடும், வீட்டுக்காரரே அள்ளலாம். ஆனால் அள்ளுவது 'அவர்களின்' வேலையாயிற்றே! அரசும் இத்தயக்கத்தை அறியாமலில்லை. 2018இல் இதே அக்ஷய் குமார், பூமி பெட்னேகர் இணையை வைத்தே இரட்டைக் குழி விளம்பரங்களை எடுத்தது. அந்த விளம்பரங்கள் தொட்டதைக்கூடப் படம் தொடவில்லை.

கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான சட்டங்கள் 1993இலும் 2013இலும் இயற்றப்பட்டன. 1993 முதல் மலக்குழியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்திற்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகை 30 லட்சமாயிற்று. இறப்புகளோ நிற்கவில்லை. சபாயி கர்மச்சாரி ஆந்தோலனின் பெஜவாடா வில்சன் மகசேசே விருது பெற்றது 2016இல், படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில். ஆக, கதாசிரியர்களுக்குச் செய்தி எட்டவில்லை எனக் கொள்வதற்கில்லை.

கழிப்பறை பெண்ணின் உரிமை என்று படம் சொல்வதை நாம் மறுக்கவில்லை. இருட்டுக்குக் காத்திருக்கும் கொடுமையை நிலமற்ற தலித் பெண்களே மிகுதியாக அறிவர். ஒதுங்கும் நிலமும் பிறருடையதாகையால் வசையும் வன்முறையும் அவர்களுக்குக் கூடுதல். அவர்களுள் ஒருத்தியையேனும் நாயகியாக்க இந்தித் திரையுலகிற்குத் தோன்றவில்லை.

2019 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டம் பாவ்கேடி கிராமத்தில் இரு தலித் சிறார்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். வெளியில் மலங்கழித்ததே அவர்கள் செய்த 'குற்றம்'. திறந்தவெளி மலங்கழிப்பு அற்றதென அறிவிக்கப்பட்டிருந்த ஊர் அது. அக்குடும்பத்தின் வீட்டில் கழிப்பறை இல்லை.