ஸ்கேனில் தென்படாத காயம்

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. சி.ரி. ஸ்கேனிலும் பழுதில்லை. மறுநாளே வீடு திரும்புகிறார். ஆயினும் வாரக்கணக்கில் தலைவலி, மறதி, எரிச்சல், நித்திரையின்மை. ஸ்கேனில் ஒன்றுமில்லையே, நடிக்கிறார் என்று வேலைத்தலத்தில் பேசத் தொடங்கிவிடுகின்றனர். அப்பேச்சு அநீதியானது.

கிளாஸ்கோ நகரில் 1974 இல் வகுக்கப்பட்ட அளவையில் 13 முதல் 15 வரை புள்ளி பெறுபவரின் மூளைக் காயமே 'இலேசானது' எனப்படுகிறது. அச்சொல் அடிபட்ட வேளையின் நிலையைக் குறிக்கிறதேயன்றிப் பின்வரும் துன்பத்தின் அளவையன்று.

மூளைக்கெனத் தனியான நிர்ப்பீடனக் கலங்கள் உண்டு. 1919 இல் ஸ்பானிய விஞ்ஞானி ரியோ ஒர்தேகா விபரித்த மைக்ரோகிளியா கலங்களே அவை. மண்டையோடு உடையாதபோதும் அதிர்ச்சியினால் நரம்பிழைகள் இழுபடுகின்றன. மூளையைப் போர்த்திய மென்சவ்வின் குருதிக் குழாய்கள் கசியலாம். உடனே இக்கலங்கள் உருமாறி, கசிவைத் தடுக்கவும் சிதைவுகளை அகற்றவும் முனைகின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவக ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் இதனை நேரில் அவதானித்து 2014 இல் வெளியிட்டனர்.

இவ்வளவும் நன்மைக்கே. ஆனால், நெருப்பு அணைந்த பின்னரும் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தால் சுவர் ஊறி இடியும். அழற்சியைத் தூண்டும் சைற்றோகைன்கள் அடங்காது தொடருமாயின் நலமான நரம்புக் கலங்களும் பாதிப்புறும். அக்கலங்கள் உசார்நிலையில் உள்ளபோது மீண்டும் ஓர் அடி விழுந்தால் எதிர்விளைவு முன்னதிலும் கடுமையாகலாம். தலையில் அடிபட்ட வீரரை அன்றே மைதானத்துக்கு அனுப்பலாகாது என்ற விதிக்கு இதுவும் வலுச்சேர்க்கிறது.

அப்படியாயின் அழற்சியை மருந்தால் அடக்கிவிடலாமே எனக் கேட்கலாம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தலைக் காயக்காரரிடம் நடத்தப்பட்டு, 2004 இல் முடிவு வெளியான 'கிராஷ்' ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. ஸ்டீரொயிட் பெற்றோரில் 21 சதவீதத்தினர் இரு வாரங்களுள் இறந்தனர். பெறாதோரில் 18 சதவீதத்தினர். இலேசான காயமுற்றோரும் அந்த ஆய்வில் அடங்கியிருந்தனர். நிர்ப்பீடனத்தை முற்றாக அடக்குவதன்றி, அதன் எப்பகுதியை எவ்வேளையில் தணிப்பது என்பதே இன்று ஆய்வாளர்களின் தேடல்.

இன்றுவரை வைத்தியர்கள் கூறுவது ஓரிரு நாள் ஓய்வும், பின்னர் படிப்படியாக வேலைக்குத் திரும்புதலுமே. தொடர் வாந்தி, கூடிவரும் தலைவலி, எழுப்ப முடியாத மயக்கம் என்பன தென்பட்டால் தாமதமின்றி வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.