தமிழக மலைகளில் ஆர்க்கிடு கள ஆய்வு

ஆர்க்கிடு கள ஆய்வு என்பது ஆர்க்கிடேசியே குடும்பத் தாவரங்களை அவை இயற்கையாக வளரும் இடத்திலேயே தேடிக் கண்டறிந்து, இனம் பிரித்து, எண்ணிக்கையையும் சூழலையும் பதிவு செய்யும் தாவரவியல் பணி ஆகும். தமிழகத்தில் நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, சேர்வராயன் மலை, அகத்தியமலை ஆகியவை இவ்வாய்வுக்குரிய முக்கியப் பகுதிகளாகும்.

வரலாறு

இராபர்ட்டு வைட்டு 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தாவரப் படத்தொகுதியில் தென்னிந்திய ஆர்க்கிடுகள் பல இடம்பெற்றன. இவருக்காக ரங்கையா, கோவிந்து ஆகிய இந்திய ஓவியர்கள் படங்களை வரைந்தனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியரான எட்வர்டு பார்ன்சு (1892–1941) மலைத் தாவரங்களை ஆர்வத்துடன் சேகரித்தார். அக்கல்லூரி 1937இல் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய ஹேபனேரியா பார்னெசியை என்னும் ஆர்க்கிடு இவர் பெயரைத் தாங்கியுள்ளது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிடுப் பூங்கா 1963இல் அமைக்கப்பட்டது.

செய்முறை

காப்புக்காடுகளில் ஆய்வு செய்ய வனத்துறையின் அனுமதி தேவை. ஹேபனேரியா போன்ற தரைவாழ் இனங்கள் வறண்ட மாதங்களில் நிலத்தடிக் கிழங்காக மட்டுமே இருக்கும். மழைக்காலத்திலேயே இவை தளிர்த்துப் பூக்கும். ஆகவே ஒரே இடத்திற்குப் பல பருவங்களில் செல்ல வேண்டும். ஒரு முறை சென்று காணாததால் மட்டும் ஓர் இனம் அங்கு இல்லை என முடிவு செய்ய இயலாது. சோலைக்காடுகளில் மரங்களின் மேல் வளரும் தொற்றுத் தாவரங்களை இருகண் நோக்கியால் தேடுவர். முறிந்து விழுந்த கிளைகளையும் பார்ப்பர். ஒவ்வொரு பதிவிலும் நாள், உயரம், தாங்கும் மரம், பூவின் நிறம் ஆகியன குறிக்கப்படும். உலர்த்திய மாதிரியில் நிறம் மங்கிவிடுவதால் களத்திலேயே நிறத்தைக் குறிப்பது இன்றியமையாதது.

இடர்கள்

ஆர்க்கிடு விதைகள் தூசி போன்றவை. அவற்றில் சேமித்த உணவு மிகக் குறைவு. இயற்கையில் அவை முளைக்க உரிய பூஞ்சையின் துணை வேண்டும். எனவே வேரோடு பறிக்கப்பட்ட செடிகளின் இடத்தில் புதியவை எளிதில் தோன்றுவதில்லை.

அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பேப்பியோபெடிலம் துருரி இதற்குச் சான்றாகும். 1874இல் பெடோம் விவரித்த இவ்வினம், நெடுங்காலம் காணப்படாதிருந்து 1972இல் மீண்டும் கண்டறியப்பட்டது. அதன்பின் சேகரிப்போரால் பெருமளவில் பறிக்கப்பட்டது. இன்று இது மிக அருகிய இனமாகும். இப்பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் சைட்டீசு உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

இக்காரணத்தால் அரிய இனங்களின் துல்லியமான இருப்பிடம் பொதுவில் வெளியிடப்படுவதில்லை. மலையின் அல்லது மாவட்டத்தின் பெயர் மட்டுமே தரப்படுகிறது. ஐநேச்சுரலிசுட்டு தளமும் அருகிய இனங்களின் ஆயத்தொலைவுகளைத் தானாகவே மறைக்கிறது. எண்ணிமப் படக்கோப்புகளில் புவியிடக் குறிப்பு பதிந்திருக்கக்கூடும். ஆதலால் வெளியிடும் முன் அதனை நீக்குவது அவசியமாகும்.